எடை பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் கீப்பராக இருக்கும் அவரை அங்கே எல்லோரும் கிராம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் மரியாதையாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அவர் திரும்பிப் பார்க்காததால் அவர்களும் இரண்டாவது வாரம் கிராமுக்கு வந்துவிடுவார்கள்.

எதை வாங்கினாலும் எடை போட்டுத்தான் வாங்குவார் என்பதால் வந்த பெயர் அது. தோள்பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எலெக்ட்ரானிக் தராசு எப்போதும் இருக்கும். கடைக்காரர் "நம்பர் ஒன் சரக்கு சார்" என்று ஆரம்பிக்கும்போதே இவர் தராசை மேசைமேல் வைத்து, பூஜ்யம் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, போல்ட்டை மெதுவாக அதன்மேல் இறக்குவார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று நாலு கிராம் குறைந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் அந்தக் கடைக்காரர் தலைகீழாக நின்று பேசினாலும் இவர் காதில் ஏறாது. வாய் சொல்வதை அவர் நம்புவதில்லை. தராசு சொல்வதைத்தான் நம்புவார்.

போல்ட்டு, கம்பிக் கயிறு, பிரேக் கட்டை விஷயத்தில் இதில் ஒரு தப்பும் இல்லை. லிஃப்ட்டுக் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்க்கிற மெக்கானிக்குகள் அவர் வாங்கிய சாமானை நம்பித்தான் நிற்கிறார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு சாமான் காலை வாரிவிட்டதில்லை. தப்பு எங்கே என்றால், மனிதர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கல்யாணமான புதிதில் தலையணை வாங்கப் போனார். கடையிலேயே கனமான தலையணையைத் தேர்ந்தெடுத்து வந்தார். அதில் தலைவைத்துப் படுத்த மனைவிக்கு மூன்று நாள் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றது. பிறகு குடை. மழை அரை மணி நேரம் பெய்தால், பத்து நிமிஷம் அதைப் பிடித்துவிட்டு மீதி இருபது நிமிஷம் நனைவதே மேல் என்று தோன்றும். பிறகு பீரோ. அதைத் தூக்கிவந்த நாலு பேர் மாடிப்படித் திருப்பத்தில் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழேயே இறக்கிவைத்துக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது இன்னமும் மாடிப்படிக்கு அடியில்தான் நிற்கிறது. வீட்டில் யாருக்காவது நல்ல துணி வேண்டுமென்றால் இரண்டு மாடி இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதன்மேல் செருப்பு வைக்கிறார்கள்.

பீரோவுக்கு அப்புறம் வீட்டுக்கு எந்தச் சாமானையும் அவர் வாங்கவில்லை. யாரும் சண்டை போட்டு அதிகாரத்தைப் பிடுங்கவில்லை. அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். கம்பெனியில் அவர் கையெழுத்தில்லாமல் ஒரு திருகாணி உள்ளே வராது. வீட்டிலோ விளக்குமாறு தேய்ந்து குச்சியானால்கூட, "நீங்க சும்மா இருங்க, நான் வர்றப்போ வாங்கிட்டு வர்றேன்" என்று மனைவி சொல்லிவிடுவாள். இது கிராம் சாருக்கு வலித்தது. வெளியே சொல்லவில்லை. ஆனால் அவள் வாங்கிவந்த விளக்குமாற்றை, அவள் குளிக்கப் போனதும் எடுத்து எடை போட்டுப் பார்ப்பார்.

அந்த மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்தவள். பத்திரம், மனு, ஒப்பந்தம் என்று அவள் விரல் படாத காகிதம் கிடையாது. கையில் எழுத்து எது கிடைத்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவாள். மாத்திரை அட்டையோடு வரும் மடித்த தாளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவாள். அதற்குள் பாதித் தலைவலி போயிருக்கும். இந்த வருஷம் அவளுக்குத் திடீரென்று ஒரு துணிச்சல் வந்தது. எத்தனை நாளைக்கு இன்னொருத்தர் பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார்ந்து தட்டுவது என்று சொல்லி, ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்தாள். திங்கட்கிழமை திறப்பு. முதல் வேலையும் கிடைத்துவிட்டது. ஓர் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் சங்கத்தின் விதிமுறைகள், கையெழுத்தில் நாற்பது பக்கம். சங்கச் செயலாளர் பத்து மணிக்குக் கொண்டுவந்து கொடுத்து ஐந்து மணிக்கு வாங்கிப் போவார், ஆறு மணிக்குக் கூட்டம். முடியாவிட்டால் வேலை வக்கீல் அலுவலகத்துக்கே போய்விடும். வக்கீலும் அவள் வேலையை விடுவதாகச் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "உன் நாற்காலிய நான் நகர்த்தப் போறதில்லம்மா" என்று சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் தயார், கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. திரை இருந்தது. அவள் அலுவலகத்தில் பார்த்து அடிக்கிற பழைய திரையையே வக்கீல் பிரிவுப் பரிசாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் வாங்க வேண்டும். செய்து வைத்த கம்ப்யூட்டர் கையிருப்பில் அடங்கவில்லை. உதிரிபாகமாக வாங்கிக் கோர்த்தால் அடங்கும். அவளோ சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வக்கீல் அலுவலகத்தில் கட்டுண்டு கிடந்தாள். வேறு யாரிடம் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலை, காபி குடித்துக்கொண்டிருந்த கணவன் முன்னால் ஒரு தாளை வைத்தாள்.

"நீங்கதான் போயி வாங்கிட்டு வரணும்."

கிராம் சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது உண்மை. தாளில் எட்டு அம்சம், வரிசை எண்ணோடு, பத்திரம் மாதிரியே டைப் அடித்திருந்தது. ஒன்று, எஸ்எஸ்டி மட்டும், பழைய மாடல் ஹார்ட் டிஸ்க் கூடாது. இரண்டு, ரேம் இவ்வளவு, இதற்குக் குறையக் கூடாது. இப்படிப் போய், நாலாவதாக ப்ராசசர்: அலுவலக வேலைக்குப் போதுமானது, இரண்டு ஒன்றுபோல் இருப்பின் விலை குறைந்ததை எடுக்கவும். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்று முழுக்க, கம்பெனியில் எதை எடுக்கப் பையில் கைவிட்டாலும் முதலில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை உதிரிபாகக் கடைக்குப் போனார். ஆள் பக்கவாட்டில் நுழைகிற மாதிரி ஒரு கடை. கூரைவரை அட்டைப்பெட்டி. நடுவே காதில் பேனா மாதிரி ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு கடைக்காரர். அவர் முதலில் இரண்டு பவர் சப்ளையை எடுத்துப் போட்டார். வாட் கணக்கு இரண்டிலும் ஒன்றே அச்சடித்திருக்கிறது, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கிராம் சார் தராசை வெளியே எடுத்தார். ஒன்று ஒன்றே முக்கால் கிலோ. மற்றது ஒரு கிலோகூட இல்லை. கடைக்காரர் தலையைச் சொறிந்தார். குரலைத் தாழ்த்தி, கனமானதில்தான் உள்ளே செம்பும் இரும்பும் ஒழுங்காக இருக்கும், இலேசானதை விவரம் தெரிந்தவர்களுக்கு நான் கொடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அதோடு கெட்டது காரியம். முதல் சாமானிலேயே தராசு ஜெயித்ததில் கிராம் சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கம்ப்யூட்டரும் ஒரு வகை லிஃப்ட்தான் என்று முடிவு கட்டிவிட்டார். கேபினெட் வந்தது. எடை போட்டார், இருப்பதிலேயே கனமான தகரத்தை எடுத்தார். கீபோர்டு வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் நின்றதைத்தான் கையில் எடுத்தார். அதில் ஒரு விசையை அழுத்தினால் தகரக் கூரையில் கல் விழுந்த சத்தம் கேட்டது. எஸ்எஸ்டியைக் காட்டியபோதுதான் முகம் சுருங்கியது. தராசில் வைத்தால் எண் நகரவே யோசித்தது.

"இவ்வளவு காத்தாட்டம் இருக்கு. இதுக்குள்ள நாற்பது பக்கம் எப்படிங்க நிக்கும்?"

நாற்பது பக்கம் என்ன, நாற்பது லட்சம் பக்கம் நிற்கும் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று மூலையில் செங்கல் மாதிரி கிடந்தது. கிராம் சார் அதையே ஆசையாகப் பார்த்தார். கையில் தூக்கிக்கூடப் பார்த்தார். ஆனால் தாளில் முதல் அம்சமே இதற்கு எதிராக இருந்தது. மனைவி எழுத்தில் இருப்பதை அவர் மீற மாட்டார். பெருமூச்சு விட்டுக் காற்றையே வாங்கிக்கொண்டார்.

பிறகு ப்ராசசர். இரண்டு பெட்டி, ஒரே நீலம், ஒரே அளவு. ஒன்று விலை கூட, ஒன்று விலை குறைவு. இரண்டையும் எடை போட்டார். முந்நூற்று நாற்பது கிராம். அதுவும் முந்நூற்று நாற்பது கிராம். மாற்றி மாற்றி மூன்று தடவை வைத்தார். இம்மியளவு வித்தியாசம் இல்லை. கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. வேகம் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் விலை குறைந்ததில் கிராஃபிக்ஸ் கிடையாது, பரவாயில்லையா என்று நியாயமாகவே கேட்டார்.

"கிராஃபிக்ஸெல்லாம் கேம் ஆடுறவங்களுக்குங்க. எங்க வீட்டுல லெட்டர்தான் அடிக்கப் போறாங்க" என்றார் கிராம் சார். நாலாவது அம்சத்தை விரலால் சுட்டிக் காட்டினார். ஒன்றுபோல் இருக்கிறது, ஆகவே விலை குறைந்தது. சட்டப்படி வாங்கியாயிற்று.

இவர் வீட்டில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போல என்று நினைத்துக் கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். மிச்சமான பணத்தை என்ன செய்வது என்று கிராம் சார் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணாடி அலமாரியில் ஒரு கூலர் இருந்தது. ப்ராசசரின் சூட்டைத் தணிக்கிற சாமான். பெட்டிக்குள்ளேயே சின்னதாக ஒன்று இலவசமாக வருகிறது என்று கடைக்காரர் சொன்னார். இது ஆனால் இரட்டைக் கோபுரம், அடுக்கடுக்கான தகடு, எண்ணூற்று எழுபது கிராம். தாளில் கூலர் என்ற சொல்லே இல்லை, ஆகவே தடையும் இல்லை. அதைக் கையில் தூக்கியபோது கிராம் சாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அவ்வளவு கனிவு. எஸ்எஸ்டியில் வேண்டிய மென்பொருளை எல்லாம் கடைக்காரர் ஏற்றிக் கொடுத்தார். மொத்தத்தையும் தானே கோர்த்துத் தருவதாகவும் சொன்னார்.

"லிஃப்ட்டையே பிரிச்சு மாட்டுற கம்பெனிங்க நாங்க" என்று சொல்லிவிட்டார் கிராம் சார். கம்பெனி மாட்டுகிறது, உண்மைதான். இவர் சாமானை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறவர். அந்த வித்தியாசம் கடைக்காரருக்குத் தெரிய நியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் புது அறைக்குப் போனார்கள். அவள் ஜன்னலைத் துடைத்தாள். அவர் மேசைமேல் போர்வையை விரித்து, செய்முறைத் தாளைப் பார்த்துப் பார்த்துக் கோர்த்தார். நடுநடுவே அவள் எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொண்டார். முடிஞ்சதும் பாக்கலாம் என்றார். உண்மையைச் சொன்னால் நன்றாகவே கோர்த்தார். பத்தொன்பது வருஷம் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஒயர் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கடைசியில் பக்கவாட்டு மூடியைப் போடப் போனபோதுதான் அது மூடவில்லை. கூலர் இரண்டு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தள்ளிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். வேறொரு பெரிய இரும்புச் சாமான் மாடிப்படித் திருப்பத்தில் நின்ற நாள் அவருக்கு நினைவுக்கு வந்தது.

"மூடி திறந்தே இருக்கட்டும். காத்துப் போக நல்லது" என்றார், அவள் கேட்காமலே.

அவள் திரையைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒயரைச் செருகி ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. கூலரின் விசிறி இரண்டும் கம்பீரமாகச் சுற்றின. திரை மட்டும் கறுப்பாக இருந்தது. அணைத்துப் போட்டார். கறுப்பு. ஒயரைப் பிடுங்கிச் செருகினார், ப்ளக்கை மாற்றினார், திரையின் முதுகில் தட்டினார், முன்பக்கம் வந்து சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததில் கறுப்பு இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"ஸ்க்ரீன்ல கோளாறு ஒண்ணும் இருக்காதுங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் அதுலதானே அடிச்சேன்" என்றாள் அவள்.

அப்போதுதான் கிராம் சார் அந்தப் பொய்யைச் சொன்னார். புது மிஷின், முதல் தடவை சூடாகிப் படம் வருவதற்கு அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார். எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. அவள் நம்பினாள். அதுதான் கொடுமை. மறுபேச்சுப் பேசாமல் புது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஒரு கிலோ கீபோர்டின்மேல் பத்து விரலையும் வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையையே பார்த்தாள். விரல்கள் தட்டுவதற்குத் தயாராக இருந்தன. இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்தாவது நிமிஷம் அவள் விரலை எடுக்காமலே, "பின்னால ப்ரிண்டர் வாங்கினா அந்த மூலை சரியா இருக்குமா?" என்று அவரிடம் யோசனை கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு சாமானை எங்கே வைப்பது என்று அவள் அவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. கிராம் சார் ஸ்விட்சை அணைத்தார்.

"நான் சொன்னது பொய்ம்மா. அரை மணி நேரமெல்லாம் ஆகாது. ஏன் வரலைன்னு எனக்குத் தெரியல. நான்தான் ஏதோ தப்பா வாங்கியிருக்கேன்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். பீரோவிலிருந்து ஆரம்பித்துத் தலையணை வரைக்கும் பின்னோக்கி வரும், நாளைக் காலை பத்து மணி என்னாவது என்று வரும், கடைசியில் வக்கீலின் நாற்காலியில் வந்து முடியும் என்று மனசுக்குள் வரிசைகூடப் போட்டுவிட்டார். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. அவள் மூலையில் குந்தி உட்கார்ந்து, அவர் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

பவர் சப்ளைப் பெட்டியை நாலு பக்கமும் படித்தாள். ரேம் பெட்டியைப் படித்தாள். கூலரின் உத்தரவாதத் தாளைப் படிக்கும்போது, தண்ணீரில் அமிழ்த்தினால் உத்தரவாதம் செல்லாது என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு நீலப் பெட்டி. அதன் அடிப்பக்கத்தில், எறும்பு வரிசை மாதிரி ஓடிய எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"இதோ இருக்கு. இதுல கிராஃபிக்ஸ் இல்லையாம். படம் தெரியணும்னா தனியா கார்டு போடணுமாம்."

கடைக்காரர் கேட்டது, தான் சொன்ன பதில், எல்லாம் கிராம் சாருக்கு அப்படியே திரும்பி வந்தது. கடிதம் அடிப்பதற்கும் அது தேவை, கறுப்பில் எழுத்துத் தெரிவதற்கே அது தேவை என்று இப்போது புரிந்தது. அசடு வழிய விஷயத்தைச் சொன்னார். "ரெண்டையும் எடை போட்டுத்தான் எடுத்தேன். ஒரே எடைம்மா. ஒரு கிராம் வித்தியாசம் இல்ல" என்றார். இல்லாததற்கு எடை இல்லை என்பது பத்தொன்பது வருஷத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. போல்ட்டில் இந்தப் பிரச்சினை வந்ததில்லை.

"நான் குடுத்த தாளை எடுங்க" என்றாள்.

கொடுத்தார். அவள் நாலாவது அம்சத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது அவள் காது சிவந்தது. கிராம் சார் இரண்டடி பின்வாங்கினார்.

"ஒன்றுபோல் இருப்பின். எதுல ஒன்றுபோல்? நிறத்துலயா, எடையிலயா, எதுலன்னு எழுதவே இல்லையே நான். வேற யாராவது இப்படி அடிச்சுக் கொண்டுவந்திருந்தா அவங்க முகத்துலயே திருப்பி விட்டெறிஞ்சிருப்பேன்." தாளை அவரிடமே திருப்பி நீட்டிவிட்டு, "இருபத்திரண்டு வருஷம் அடுத்தவங்க பத்திரத்துல ஓட்டை கண்டுபிடிச்சேன். என் சொந்த ஆபீஸுக்கு எழுதினதுல ஓட்டை" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்குச் செயலாளர் வருவார், கடை இன்றைக்கு விடுமுறை. கையில் இனிச் செலவழிக்க ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். எட்டரைக்கே கிராம் சார் கேபினெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஷட்டர் வாசலில் நின்றார். கனமான தகரமாகப் பார்த்து வாங்கியவர் அவர்தான், ஆகவே யாரையும் நொந்துகொள்ள வழியில்லை. கடைக்காரர் வந்து, உள்ளே பார்த்து, திரை எங்கே செருகியிருந்தது என்று கேட்டு, தலையில் கைவைத்துக்கொண்டார். பிரித்த ப்ராசசரைத் திருப்பி வாங்க முடியாது என்றார். கிராம் சார் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. கூலரைச் சுட்டிக் காட்டினார். அதை எடுத்துக்கொண்டு படம் காட்டுகிற மாதிரி ஏதாவது, பழசானாலும் பரவாயில்லை, கொடுக்க முடியுமா என்று கேட்டார். அந்தக் கோபுரத்தைக் கழற்ற அவருக்கு மனசே இல்லை. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடைக்காரர் இழுப்பறையைக் குடைந்து, யாரோ கழற்றிப் போட்ட சின்ன கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை எடுத்தார். கிராம் சாரின் கை பழக்கத்தில் பைக்குள் போனது. தராசைத் தொட்டது. அப்படியே வெறுங்கையாக வெளியே வந்தது.

"இதுல என்ன இல்ல?" என்று கேட்டார்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. இதில் இருப்பதை எல்லாம் சொல்ல வேண்டாம், இல்லாததை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றார் கிராம் சார். வாழ்க்கையில் யாரும் அந்தக் கடைக்காரரிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் உட்கார்ந்து யோசித்து, கேம் ஓடாது, இரண்டு திரை தாங்காது, உத்தரவாதம் கிடையாது, பெட்டி கிடையாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கிராம் சார் ஒவ்வொன்றையும் மனைவியின் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். கடிதம் அடித்தால் எழுத்துத் தெரியுமா என்று கடைசியாக ஒன்று கேட்டார். கடைக்காரர் கார்டைச் செருகி, பெட்டியோடு வந்த சின்னக் கூலரை மாட்டி, கடைத் திரையில் போட்டுக் காட்டினார். தெரிந்தது. மூடியும் மூடியது. தன்னையறியாமல் கிராம் சார் கைதட்டிவிட்டார். பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது பத்தே கால். செயலாளர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்கிற வகை மனிதர். ஆனால் அவரால் பார்க்க முடியவில்லை. மனைவி அவருடைய நாற்பது பக்கத்தையும் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, ஏழாம் விதிப்படி மொட்டைமாடியில் துணி காயப்போடலாம், பதினொன்றாம் விதிப்படி மொட்டைமாடிக்கு யாருமே போகக் கூடாது, இரண்டில் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். செயலாளர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர் மாதிரி வியர்த்திருந்தார். கணவனைப் பார்த்ததும் அவள் விசாரணையை நிறுத்தினாள். முகத்தை மட்டும் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். ஒயரைச் செருகி ஸ்விட்சைப் போட்டார். திரை வெளுத்தது.

அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்த அறையில் கல்மழைதான். கிராம் சார் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, முடிந்த பக்கங்களைக் கீழே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்து வரிசைப்படுத்தி அடுக்கினார். நடுவில் அவள் சோறு சாப்பிட்ட பத்து நிமிஷத்தில், கடையில் தான் கேட்ட கேள்வியை அவளிடம் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு தடவை மேலே ஏறிவந்து, ஏதாவது இடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். நாலே முக்காலுக்குக் கடைசிப் பக்கம் முடிந்தது. எழுத்து வேலை அனைத்தும் முடிந்த பிறகும் விசைப்பலகை இன்னமும் காதுக்குள் தட்டிக்கொண்டிருந்தது.

செயலாளர் ஐந்து மணிக்கு வந்து தாள்கட்டை வாங்கிப் புரட்டினார். மொட்டைமாடி விவகாரம் ஒரே விதியாகி ஒழுங்காக நின்றது. அவருக்குப் பரம திருப்தி. போகிற போக்கில் கம்ப்யூட்டரைக் காட்டி, சங்கத்துக்கும் இதே மாதிரி சிக்கனமாக ஒன்று வேண்டும், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். கிராம் சார் அவசரமாகத் தரையில் விழுந்த க்ளிப்பைத் தேட ஆரம்பித்தார். இந்த இரண்டு நாள் கதையில் எந்தப் பகுதியை அவள் முதலில் சொல்வாளோ என்று காது மட்டும் அங்கே இருந்தது.

"கடையச் சொல்லிப் பிரயோஜனமில்லைங்க. தனியாப் போனா எதையாவது தலையில கட்டிடுவாங்க. இத வாங்கினது இவர்தான். என்ன இல்லன்னு கேட்டு வாங்கத் தெரிஞ்ச ஆளு. இவரக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் அவள்.

கிராம் சார் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. தாள்கட்டைக் கவரில் போட்டுக்கொண்டே, மழை வருகிறது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்லியிருந்தாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எப்போது போகலாம் என்று செயலாளர் கேட்டு முடிப்பதற்குள் அவர் எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சங்கக் கூட்டம் முடியட்டும், செயலாளருக்கு இப்போது நேரமில்லை என்று மனைவிதான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தாள்.